புஷ் இருக்கறது பின்னாடி, புல்லியை ஏங்க அடிக்கறீங்க?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்ங்க.

நான் கோயம்புத்தூர்ல 41 வருஷம் ஆட்டோ எலக்ட்ரீஷியனா இருந்தவன், இப்ப கடைய மருமகன் பாத்துக்கறார், நான் காலைல உங்க பேப்பரை முதல் பக்கத்துல இருந்து கடைசி வரி விளம்பரம் வரைக்கும் படிச்சுட்டு மத்தியானத்துக்கு மேல சும்மா கடைப்பக்கம் போய் ஸ்டூல்ல உக்காந்துட்டு வருவேன். லெட்டர் எல்லாம் எழுதி பழக்கம் கிடையாது, இதுகூட பேத்தி போன்ல தமிழ் டைப்பிங் போட்டு கொடுத்ததால எழுதறேன், தப்பு இருந்தா நீங்களே திருத்திக்கோங்க. ஆனா விஷயத்தை மட்டும் திருத்தாம போடுங்க.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல பழைய காரை வீட்லயே பராமரிக்கறது எப்படின்னு அரைப்பக்கத்துக்கு போட்டிருந்தீங்க. நல்ல விஷயம்தான், அந்த கால வண்டிய வச்சிருக்கறவங்க இப்ப நிறைய பேர் ஆசையா அவங்களே கைய வைக்கறாங்க. அதுல டைனமோ, அதான் இன்ஜின் ஓடறப்ப பேட்டரிக்கு சார்ஜ் ஏத்தற சாமான், கரகரன்னு சத்தம் போட்டா உள்ள புஷ் (சுத்தற தண்டை தாங்கற உலோக வளையம்) தேஞ்சிருக்கும், மாத்தணும்னு சரியாத்தான் போட்டிருக்கு. அதுக்கு அடுத்த வரிதான் எனக்கு வயித்தெரிச்சல். முதல்ல புல்லி, அதான் ஃபேன் பெல்ட் ஓடற சக்கரம், அதோட நட்டை கழட்டணுமாம், இறுகியிருந்தா ஸ்பேனர்ல பைப்பை சொருகி திருப்பணுமாம், நட்டு வந்தும் புல்லி வரலைன்னா ஷாஃப்ட் (நடுவுல சுத்தற தண்டு) நுனியில சுத்தியலால தட்டணுமாம். படிச்சப்பவே வீட்ல சொன்னேன், நாளைக்கு எவனாவது ஒருத்தன் டைனமோவ தூக்கிட்டு வருவான் பாருன்னு.

வந்துட்டான். திங்கக்கிழமை வழக்கத்துக்கு மாறா நான் காலைலயே கடைல இருந்தேன், கடை தொறந்து கால் மணி நேரம் கூட ஆகல, 25 வயசு இருக்கும், கம்ப்யூட்டர் கம்பெனில வேலையாம், தாத்தாவோட 1970 மாடல் மார்க் 2 அம்பாசிடர் வீட்ல நிக்குதாம், அதோட டைனமோவ கைல புடிச்சுட்டு நிக்கறான். சுத்தி கொண்டு வந்ததே உங்க ஞாயிறு இணைப்புலதாங்க, எண்ணெய் ஊறி போய் அந்த அரைப்பக்கமே கறுப்பா கெடந்துச்சு.

பிரிச்சு பாத்தா ஷாஃப்ட் நுனி காளான் மாதிரி விரிஞ்சு போய் மரை நாலு சுத்து நசுங்கியிருக்கு. புல்லி விளிம்புல ஒரு துண்டு காணோம். அதுக்கு பின்னாடி இருக்கற ஃபேன் தகடு ரெண்டு இடத்துல மடங்கியிருக்கு, ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பியிருப்பான் போல. ஏந்தம்பி இத்தனை அடி அடிச்சீங்கன்னு கேட்டா, பேப்பர்ல போட்டிருந்துச்சுங்க ஐயா, வீடியோலயும் ஒருத்தர் அப்படித்தான் அடிச்சாருங்கறான். பாவம் அவனை திட்டி என்ன பண்றது. அவன்கிட்ட ஒன்னே ஒன்னு கேட்டேன், தம்பி, புஷ் எந்தப்பக்கம் இருக்குன்னு பாத்தீங்களா?

இதுக்குத்தான் ஐயா இந்த லெட்டரே. அந்த கால லூகாஸ் டைனமோல புல்லி இருக்கற முன்பக்கம் பால் பேரிங். புஷ் இருக்கறது பின்பக்க மூடிக்குள்ள, கம்யூட்டேட்டர் (கரண்ட்டை வெளிய எடுக்கற செம்பு வளையம்), அதை உரசற கார்பன் எல்லாம் இருக்கே அந்தப்பக்கம். பின் மூடிய புடிச்சிருக்கறது ரெண்டே ரெண்டு நீள போல்ட், பின்னாடி இருந்து முன் மூடி வரைக்கும் ஓடும். அது ரெண்டையும் கழட்டுனா மூடி கைல வந்துரும், புஷ்ஷும் அதோடயே வந்துரும். வெறும் புஷ் மாத்தறதுக்கு புல்லி நட்டை தொடவே வேண்டாம்ங்க! வாசல் கதவு தொறந்து கெடக்கறப்ப கொல்லைப்பக்க சுவத்த இடிச்சு உள்ள போன கதைதான் இது.

இத நான் புதுசா கண்டுபிடிச்சு சொல்லல. இந்த டைனமோ, அதையும் பேட்டரியையும் சேத்து பிரிக்கற கட்அவுட், செல்ஃப் மோட்டார் எல்லாம் நம்ம சென்னை பாடில 1961ல ஆரம்பிச்ச லூகாஸ் டிவிஎஸ் கம்பெனி செஞ்ச காலத்துல இருந்து பட்டறைல எல்லாருக்கும் தெரிஞ்ச வேலை. அம்பாசிடரே 2014ல கொல்கத்தா பக்கம் உத்தரபாரா ஃபேக்டரில நின்னு போச்சு, தெரிஞ்சவங்களும் ஒவ்வொருத்தரா போய்ட்டாங்க, அதான் அடிக்கறவன் எல்லாம் மெக்கானிக் ஆயிட்டான்.

சரி, புல்லிய கழட்டவே வேண்டாமான்னா, சில சமயம் வேணும். மூடிய எடுத்ததும் ஷாஃப்டோட பின் நுனிய துணியால தொடச்சு நகத்தால தடவி பாருங்க. வழுவழுன்னு இருந்தா உங்க அதிர்ஷ்டம், புஷ் மட்டும் போட்டு மூடிரலாம். வரிவரியா கோடு விழுந்திருந்தா, இல்ல ஒரு பக்கமா தேஞ்சிருந்தா புது புஷ் போட்டாலும் ஆறு மாசத்துல மறுபடி கரகரன்னு கெளம்பும், அப்ப ஆர்மேச்சர, அதான் ஷாஃப்ட்டோட சேந்து சுத்தற செம்பு கம்பி சுத்துன உருளைய, வெளிய எடுத்து லேத்துக்கு அனுப்பணும். முன்பக்க பேரிங் சத்தம் போட்டாலும் அதே கதை. ஆர்மேச்சரும் முன் மூடியும் பிரியணும்னா நடுவுல நிக்கற புல்லி கழண்டே ஆகணும். அந்த பையன் டைனமோல ஷாஃப்ட் நல்லா இருந்துச்சு, பின்பக்கம் மட்டும். முன்பக்கம்தான் நம்மாளு கைங்கரியம்.

இப்ப கழட்டற விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா நிஜமாவே தேவைப்படறவங்களுக்கும் உங்க குறிப்பு தப்பாத்தான் வழி காட்டுது.

நட்டு ஏன் இறுகுது? டைனமோ இன்ஜினுக்கு முன்னால பக்கவாட்டுல உக்காந்திருக்கு, மழைல போனா ரேடியேட்டர் வழியா வர்ற ஈரம் எல்லாம் அதும் மேலதான். மரைக்குள்ள துரு புடிச்சா அது இரும்பவிட ஜாஸ்தி இடம் எடுத்துக்கும், நட்டுக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவுல இருந்த மயிரிழை சந்து அடைஞ்சு போய் ரெண்டும் ஒன்னாயிரும். கடலோரத்து வண்டின்னா கேக்கவே வேண்டாம், நாகப்பட்டினத்துல இருந்து ஒரு டாக்டர் வண்டி வந்துச்சு ஒரு தடவை, நட்டு எது வாஷர் எது ஷாஃப்ட் எதுன்னே தெரியாம கருவாடு மாதிரி காஞ்சு கெடந்துச்சு. இதுபோக முன்னாடி எவனாவது ஒரு புண்ணியவான் பைப் போட்டு இறுக்கியிருப்பான். பைப் போட்டு இறுக்குனத பைப் போட்டுத்தான் கழட்டணும்னு நெனைக்கறாங்க, அங்கதான் முதல் தப்பு. பைப் நீளமா இருந்தா கைக்கு பாரம் தெரியாது, நட்டு நகருதா மரை உரியுதா ஷாஃப்டே முறுக்குதான்னு எதுவும் தெரியாது. குட்டை ஸ்பேனர்ல கைக்கு எல்லாம் தெரியும்.

ஸ்பேனர்னதும் ஞாபகம் வருது, அம்பாசிடர் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழி வந்த வண்டி, அதுல நட்டு போல்ட் பெரும்பாலும் இஞ்ச் சைஸ். இப்ப வீட்ல இருக்கற ஸ்பேனர் செட்டு எல்லாம் மில்லிமீட்டர். 9/16 இஞ்ச்ங்கறது 14.3 மில்லிமீட்டர் வரும், 14 ஸ்பேனர் நுழையாது, 15 போட்டா லொடலொடன்னு ஆடும், ஆடற ஸ்பேனர வச்சு பலமா திருப்புனா நட்டோட மூலை மழுங்கி உருண்டையாயிரும். 3/4 இஞ்ச் கிட்டத்தட்ட 19க்கு சரியா வரும். இறுகுன நட்டுக்கு திறந்த வாய் ஸ்பேனர் ஆகாது, ரிங்கு இல்லாட்டி பாக்ஸ், அதுவும் ஆறு மூலை பாக்ஸ் கெடச்சா ரொம்ப நல்லது.

எந்தப்பக்கம் திருப்பணும்ங்கறதுலயும் குழப்பம் இருக்கு. மிக்ஸி அடியில கப்ளர் எதிர் மரை, டேபிள் ஃபேன் இறக்கை மூடி எதிர் மரை, சைக்கிள் இடது பெடல் எதிர் மரை, இதெல்லாம் பாத்துட்டு சுத்தற சாமான் எல்லாமே எதிர் மரைன்னு நெனச்சுட்டு வலதுபக்கம் போட்டு திருப்பறவங்க உண்டு. அந்த டைனமோ நட்டு சாதா மரைதான், கடிகாரத்துக்கு எதிரா திருப்புனா கழலும். எதிர் மரை வர்ற வண்டிகளும் இருக்கு, பழைய பிஎம்டபிள்யூல வாட்டர் பம்ப்ல ஏறுற ஃபேன் கிளச்சோட 32 எம்எம் நட்டு எதிர் மரை. அதனால வண்டிக்கு வண்டி பாத்துட்டுதான் கைய வைக்கணும், நமக்கு மரை கழண்டு போறதுக்கு முன்னாடி.

எங்க மேஸ்திரி சொல்லிக் கொடுத்த முதல் பாடம், டைனமோவ வண்டில இருந்து எறக்கறதுக்கு முன்னாடியே நட்டை லூசு பண்ணிக்கோங்கறது. பேட்டரி ஒயரை கழட்டிட்டு, வண்டிய கியர்ல போட்டு, ஃபேன் பெல்ட் டைட்டா இருக்கறப்பவே, ஒரு கையால பெல்ட்டை அமுக்கி புடிச்சுகிட்டு இன்னொரு கையால ஸ்பேனரை சட்டுனு ஒரு வெட்டு வெட்டுனா பாதி நட்டு அங்கயே வந்துரும். இன்ஜினே நமக்கு வைஸ் (மேஜைல மாட்டற இரும்பு இடுக்கி) மாதிரி புடிச்சுக்கும். எறக்குனதுக்கப்புறம்தான் ஞாபகம் வந்துச்சுன்னா, பழைய பெல்ட் ஒன்ன புல்லி பள்ளத்துல சுத்தி, ரெண்டு முனையையும் சேத்து வைஸ்ல கடிக்க விடுங்க, ரப்பர் புல்லிய கவ்விக்கும், விளிம்பு உடையாது. புல்லிய நேரா வைஸ்ல போட்டு இறுக்காதீங்க. ஃபேன் இறக்கைல ஸ்க்ரூ டிரைவரை முட்டு குடுக்கற வேலை அறவே வேண்டாம்.

அப்புறம் எண்ணெய். டபிள்யூடி 40 ஸ்ப்ரே கெடச்சா அது, இல்லாட்டி மண்ணெண்ணெயும் இன்ஜின் ஆயிலும் கலந்தது, சிலபேர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்ல ஊத்தற ஏடிஎஃப் ஆயிலும் அசிட்டோனும் பாதிக்கு பாதி கலந்து ஊத்துவாங்க, அது நல்லா எறங்கும், ஆனா குபீர்னு தீப்புடிக்கற சாமான், ஆர்மேச்சர் வார்னிஷ் மேலயும் படக்கூடாது, நான் அதிகம் தொட மாட்டேன். எதை ஊத்துனாலும் ஊத்துன உடனே ஸ்பேனர எடுக்காதீங்க. சாயங்காலம் நாலு சொட்டு, நட்டு தலைல சின்ன சுத்தியலால டொக்கு டொக்குன்னு, தேங்கா பதம் பாக்கற மாதிரி லேசா தட்டணும், அடிக்கக் கூடாது, அந்த அதிர்வுலதான் துரு விரிசல் விட்டு எண்ணெய் உள்ள போகும். காலைல மறுபடி நாலு சொட்டு. மூணு ராத்திரி இப்படி ஊற வச்சா பத்துல ஏழு வந்துரும். திருப்பறப்பவும் எடுத்ததும் கழட்டற பக்கம் போகாதீங்க, முதல்ல இறுக்கற பக்கம் ஒரு துளி, ரொம்ப துளி, அப்புறம் கழட்டற பக்கம். கிரீச்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, 41 வருஷத்துல அந்த சத்தம் கேக்கறப்ப எல்லாம் எனக்கு சந்தோஷந்தான்.

அதுக்கும் வரலைன்னா சூடு. இங்க கேஸ் டார்ச் காட்டறவங்க ஜாஸ்தி, அது இன்ஜினோட கிராங்க் ஷாஃப்ட்ல இருக்கற கிராங்க் புல்லி மாதிரி பெரிய சாமானுக்கு ஓகே, டைனமோவுக்கு ஆகாது, நட்டுக்கு ஒரு இஞ்ச் பின்னாடியே பேரிங் இருக்கு, கிரீஸ் உருகி ஓடிரும், இன்னும் சூடு போனா ஆர்மேச்சர் வரைக்கும் போகும். நாங்க பெரிய சால்டரிங் அயர்ன நட்டு மேல பத்து நிமிஷம் வச்சு புடிப்போம், பின்னாடி ஈரத்துணி சுத்தி வச்சுட்டு. நட்டு மட்டும் சூடாகி விரியும், ஷாஃப்ட் அவ்வளவா சூடாகாது, அந்த வித்தியாசம் போதும்.

அப்படியும் அடம் புடிச்சா நட்டை பலி குடுத்துருங்க. ஆக்ஸா பிளேடால நட்டோட ஒரு பக்கத்தை மரை தொடறதுக்கு முன்னாடி வரைக்கும் அறுத்து, அந்த வெட்டுல உளிய வச்சு ஒரே ஒரு தட்டு, நட்டு வாய பொளந்துரும், மரை பொழச்சுக்கும். நட்டு என்னங்க வெல, ரெண்டு டீ காசு கூட வராது. ஷாஃப்ட் போனா ஆர்மேச்சரே போச்சு. அதுதான் கணக்கு, எது மலிவோ அதை ஒடைக்கணும், நம்மாளுங்க தலைகீழா மலிவான நட்ட காப்பாத்தி வெல ஒசந்தத ஒடைக்கறாங்க.

நட்டு வந்ததும் புல்லி வந்துராது. ஷாஃப்ட்ல ஒரு அரைவட்ட கீ இருக்கும், அதும் மேல துரு. இங்க புல்லர்தான், அதான் காலால கவ்வி நடுவுல திருகி இழுக்கற கருவி, வேற வழியே தேடாதீங்க. கழட்டுன நட்டையே (அறுத்திருந்தா வேற நட்டை) திரும்ப ஷாஃப்ட் நுனிக்கு சமமா வர்ற அளவுக்கு ஏத்தி வச்சுட்டு அதும் மேல புல்லர் ஊசிய உக்கார வைங்க, மரைக்கு அது கவசம். புல்லர் கால் விளிம்ப புடிக்காம முடிஞ்ச அளவு உள்ள தள்ளி புடிக்கணும். முறுக்கிட்டு அப்படியே விட்டுட்டு போய் டீ குடிச்சுட்டு வாங்க. வந்து புல்லர் தலைல லேசா ஒரு தட்டு, டப்புனு குதிச்சு வரும், கீ எங்கயாச்சும் தெறிச்சு ஓடாம கீழ ஒரு துணி போட்டு வைங்க. கீ இல்லாம புல்லிய மாட்டற பாவத்த மட்டும் பண்ணிராதீங்க.

உங்க குறிப்பு சொல்ற மாதிரி ஷாஃப்ட் நுனில அடிச்சா என்ன ஆகும்? மரை நசுங்கறது கண்ணுக்கு தெரியும். தெரியாதது ரெண்டு இருக்கு. அந்த அடி நேரா பால் பேரிங்குக்குள்ள போகும், குண்டு நிக்கற எடத்துல எல்லாம் குழி விழும், அப்புறம் அது ஆயுசுக்கும் உறுமும். அதுக்கு மேல மிச்சம் இருக்கற அடி ஷாஃப்ட் வழியா பின் மூடிக்கு போய் நிக்கும், எந்த புஷ்ஷ காப்பாத்த வந்தோமோ அந்த புஷ் இருக்கற மூடிக்கே. அந்த பையனோடதுல பேரிங் போச்சு, மூடி தப்பிச்சுது.

புஷ்ஷை பத்தியும் ரெண்டு வார்த்தை, ஏன்னா உங்க குறிப்புல பழசை தட்டி எடுத்து புதுசை தட்டி ஏத்தவும்னு ஒரே வரில முடிச்சிருக்கீங்க. பின் மூடில அந்த குழி அடி மூடுன குழி, பின்னாடி இருந்து தட்ட வழியே கிடையாது. 5/8 இஞ்ச் டேப்பை (உள் மரை வெட்டற கருவி) புஷ்ஷுக்குள்ள நாலு சுத்து ஏத்தி அப்படியே இழுத்தா டேப்போட புஷ் வந்துரும், உள்ள ஒரு ஃபெல்ட் வளையம் இருக்கும், அதை தூக்கி போட்றாதீங்க, எண்ணெய தேக்கி வைக்கறதே அதுதான். புது புஷ் சும்மா பித்தளை இல்ல, பொடிச்சு அழுத்தி செஞ்ச வெண்கலம், உடம்பெல்லாம் கண்ணுக்கு தெரியாத ஓட்டை, அதுல எண்ணெய் ஊறியிருந்தாத்தான் அதுக்கு உயிர். ஒரு நாள் முழுக்க, 24 மணி நேரம், இன்ஜின் ஆயில்ல முழுகி கெடக்கணும். அவசரம்னா எண்ணெய 100 டிகிரில ரெண்டு மணி நேரம் வச்சு, அதுலயே ஆற விட்டு எடுக்கலாம். ஏத்தறப்ப ஷாஃப்ட் அளவுக்கே வழுவழுன்னு கடைஞ்ச ஒரு கம்பிய உள்ள விட்டு அமுக்கி ஏத்தணும், டைட்டா இருக்குன்னு ரீமர் விட்டு குடைஞ்சீங்கன்னா ஓட்டை எல்லாம் மூடிக்கும், எண்ணெய் வராது, வெறும் பித்தளை வளையம் ஆயிரும். இதை செய்யறவங்க பட்டறைலயே நிறைய பேர் இருக்காங்க, எங்க கடைல கூட ஒருத்தன் செஞ்சு என்கிட்ட வாங்கி கட்டிகிட்டான்.

புஷ் தேயறதுக்கு காரணமும் பாதி நம்ம கைலதான். பெல்ட்டை வீணை தந்தி மாதிரி இறுக்கி வச்சா அந்த இழுவை பூரா பேரிங் மேலயும் புஷ் மேலயும்தான் விழும். நீளமான பக்கத்துல நடுவுல விரலால அமுக்குனா அரை இஞ்ச் எறங்கணும். பின் மூடி நடுவுல ஒரு சின்ன ஓட்டை இருக்கும், எண்ணெய் விடற ஓட்டை, அது இருக்கறதே பாதி பேருக்கு தெரியாது, சர்வீஸ்க்கு ரெண்டு சொட்டு விட்டா போதும், ரெண்டு சொட்டுதான், டம்ளர்ல ஊத்துனா கம்யூட்டேட்டர் நனைஞ்சு சார்ஜே ஏறாது. இதை எல்லாம் விட்டுட்டு ஓடிட்டே இருந்தா புஷ் தேஞ்சு ஆர்மேச்சர் கீழ எறங்கி உள்ள சுத்தி இருக்கற காந்த இரும்பு, அதான் போல் ஷூவ உரச ஆரம்பிக்கும், டேஷ்போர்டுல சார்ஜிங் லைட்டு கண்ணடிக்கும். அப்பவே பாத்துட்டா வெறும் புஷ்ஷோட போகும்.

கிராங்க் புல்லி தனி கதை, அதுல ஹேண்டில் மாட்டற ஸ்டார்ட்டிங் டாக் தான் நட்டு, கீழ லாக் வாஷர் மடிப்ப நிமித்தாம திருப்பறவங்க, இரும்பு பாரை சேசிஸ்ல முட்டு குடுத்துட்டு செல்ஃப் அடிச்சு கழட்டறவங்கன்னு நெறய கூத்து இருக்கு, அந்த பார் தெறிச்சு கை ஒடஞ்சவர எனக்கு தெரியும். அதை இன்னொரு நாள் எழுதறேன்.

இன்னொரு விஷயம், பையன் முதல்ல ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைல புஷ் மட்டும் கேட்டிருக்கான், தனியா வராது, டைனமோ செட்டாத்தான் வாங்கணும்னு சொல்லிட்டாங்களாம். தனியா வரும்ங்க. கெடைக்கலைன்னாலும் அளவு குடுத்தா இங்க கணபதி, சிங்காநல்லூர் பக்கம் லேத் பட்டறைல கடைஞ்சு குடுத்துருவாங்க, நல்ல கன்மெட்டல்ல (ஒரு வகை வெண்கலம்) கடைஞ்சு, எண்ணெய் ஓட்டைல மறக்காம சொட்டு விட்டுட்டு இருந்தா போதும், அதுவும் ஓடும்.

அதனால ஆசிரியர் ஐயா, வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள அதே பக்கத்துல, அதே எடத்துல, ஒரு திருத்தம் போட்ருங்க. பெருசா வேண்டாம், புஷ் மாத்த புல்லிய கழட்ட வேண்டியதில்ல, பின்பக்கம் ரெண்டு நீள போல்ட்ட கழட்டுங்க, ஷாஃப்ட் நுனில சுத்தியல வைக்காதீங்க, இந்த மூணு வரி போதும். எழுதுன நிருபர் தம்பிய திட்டிராதீங்க, அவருக்கு யாரோ சொன்னத எழுதியிருப்பார், அடுத்த தடவை இந்த மாதிரி எழுதறதுக்கு முன்னாடி எந்த ஊர்லயும் ஒரு எலக்ட்ரீஷியன் கடைல டீ சாப்பிடற நேரம் நின்னு கேக்க சொல்லுங்க.

பையனோட டைனமோ இப்ப நம்ம கடை பெஞ்சுலதான் இருக்கு. ஷாஃப்ட் நுனிய அரம் போட்டு, டை விட்டு மரைய ஒருவழியா மீட்டாச்சு, புல்லி உக்கடம் பழைய இரும்பு கடைல ஒன்னு கெடச்சுது, பேரிங் புதுசு. புஷ் இன்னிக்கு காலைல பத்து மணில இருந்து என் பழைய டிபன் டப்பால எண்ணெய்ல முழுகி கெடக்கு, பையன் மத்தியானம் போன் பண்ணி ஆச்சுங்களா ஐயான்னான், நாளைக்கு பத்து மணிக்கு வா தம்பி, நீயே வந்து ஏத்துன்னு சொல்லியிருக்கேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆட்டோ எலக்ட்ரீஷியன்,
கோயம்புத்தூர்.